பங்குனியில் ஒருநாள், ஆவணியில் ஒருநாள்



தீபாவளி நெருங்கினால் நம் வீடுகள் புதுப்பொலிவு பெறுகின்றன. சுவருக்கு வண்ணம் பூசுகிறோம்; சன்னல் திரைகளை மாற்றுகிறோம்; வாசல் கதவுக்கு மெருகேற்றுகிறோம். ஆனால், ஏணி வைத்து ஏறிக் கூரை விளிம்பில் மழைநீரை ஏந்திச் செல்லும் தகரக் கால்வாயை எட்டிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? அப்படிப் பார்க்கும் சிலரும் தீபாவளிக்கு முதல் வாரம்தான் பார்க்கின்றனர். கெடா மாநிலத்தைப் பொறுத்தவரையில் அது காலங்கடந்த துப்புரவு என்பதே என் கருத்து. ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

நம் மாநிலத்தின் மழைக்கணக்கை முதலில் பார்ப்போம். ஆண்டின் தொடக்க மாதங்கள் இங்கே வறண்டவை. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழைப்பருவம். பின்னர்ச் செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரையில் மற்றொன்று. இரண்டாவது பருவமே பெரும்பாலும் வலியது. தீபாவளியோ அக்டோபர் நடுவிலோ நவம்பரிலோ வருவது. அதற்குள் கூரைக் கால்வாயில் அடைப்பு இருந்தால், பல வாரத்து மழை வழிந்து வீட்டுச் சுவரோரம் இறங்கி முடிந்திருக்கும்.

வறண்ட மாதங்களில் நடப்பது இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் வளர்ந்தவர்க்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சனவரி முதல் மார்ச்சு வரையில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும். பால் குறையும், கூலி குறையும், தரையெல்லாம் சருகு மூடும். பாடாங் செராய், பீடோங், பாலிங் வட்டாரங்களில் ரப்பர் மரங்களை அடுத்துள்ள வீடுகளிலும் பள்ளிகளிலும் அந்தச் சருகு கூரை மீதும் விழுகிறது. காற்று அதனைக் கால்வாய்க்குள் தள்ளுகிறது. ஆக, மழை வருவதற்குச் சற்று முன்பாகவே அடைப்பு ஆயத்தமாகிவிடுகிறது! இதனினும் தெளிவான நினைவூட்டலை இயற்கை வேறு எப்படித்தான் தரும்?

இனி, ஒரு கணக்கு. நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இதை வகுப்பிலேயே கொடுக்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். கூரையின் பரப்பு நூறு சதுர மீட்டர் என்று கொள்வோம். ஒரு மாலையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் கூரை ஏந்தும் நீர் 5,000 லிட்டர். எடையில் ஐந்து டன். கூரை இரு பக்கமும் சரிந்திருந்தால் முன்பக்கம் பாதி, பின்பக்கம் பாதி. பின்பக்கக் கால்வாய் அடைத்துக் கொண்டால் 2,500 லிட்டர் நீர் பின்சுவரை ஒட்டிய ஒரே கோட்டில் கொட்டும். இது ஒரு மாலையின் கணக்கு மட்டுமே. பருவம் முழுவதற்கும் பெருக்கிப் பாருங்கள்.

அந்த நீர் என்ன செய்கிறது? முதலில் சுவரையொட்டிய சிமெண்டுத் தளத்தின் விளிம்பில் உள்ள மண்ணை அரிக்கிறது. பிறகு தளத்தின் அடியில் புகுகிறது. மண் கரைந்து வெற்றிடம் உண்டாகிறது, தளம் இறங்குகிறது, தளத்திற்கும் சுவருக்கும் இடையே விரல் நுழையும் அளவுக்குப் பிளவு விழுகிறது. அடுத்த மழைக்கு அந்தப் பிளவே வாய்க்காலாகி நீரை நேரே அடித்தளத்தின் பக்கம் இட்டுச் செல்கிறது. அலோர் ஸ்டார் போன்ற கரையோரச் சமவெளிகளில் உள்ளது மென்மையான களிமண். சுமை ஏறினால் அது அமுங்கும். களிமண்ணின் மேற்பகுதி நனைந்தால் உப்பவும் காய்ந்தால் சுருங்கவும் செய்யும். சுவரின் ஒரு பக்கம் மட்டும் ஓயாது நனைந்துகொண்டிருந்தால் வீட்டின் அடி சமமாக நிற்காது.

வீட்டின் எல்லாப் பகுதிகளும் ஒரே ஆழத்தில் ஊன்றியவை அல்ல என்பதையும் கருத வேண்டும். மேம்பாட்டாளர் கட்டித்தந்த மூல வீடு, இடத்திற்கேற்ப ஆழமான தூண்களில் நிற்கக்கூடும். நாம் பிற்பாடு இழுத்துக் கட்டிய அடுக்களையும் மகிழுந்துக் கொட்டகையும் பெரும்பாலும் ஆழமில்லாத அடித்தளத்தில் நிற்பவை. பழைய கூரையும் புதிய கூரையும் சந்திக்கும் இடத்தில் ஒரு கால்வாய் இருக்கும். சருகு அதிகம் தேங்கும் இடம் அது. நம் கண்ணில் படாத இடமும் அதுவே. அங்கே வழியும் நீர் பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் நடுவே இறங்குகிறது. அடுக்களை மெல்லக் கீழிறங்க, இணைப்பில் வெடிப்பு விழுகிறது. நாம் கொத்தனாரை அழைத்துச் சிமெண்டு பூசி மறைக்கிறோம். மறு ஆண்டு அதே இடத்தில் மீண்டும் வெடிப்பு! நோய் மேலே இருக்க, மருந்தைக் கீழே பூசிப் பயன் என்ன?

இவ்வளவு எளிய பராமரிப்பு நம் பழக்கத்தில் ஏன் இல்லை? சோம்பல் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. இதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. தோட்டத்து லயங்களில் வீடு நம்முடையதாக இருந்ததில்லை. கூரை ஒழுகினால் நிருவாகத்திடம் சொல்ல வேண்டும். கால்வாயைக் கழுவ நிருவாகம் ஆள் வைத்திருக்கும். வீட்டையும் சுற்றுப்புறத்தையும் பேணும் பொறுப்பை முதலாளி மீது வைக்கும் தொழிலாளர் குடியிருப்புச் சட்டமே 1990-இல் இயற்றப்பட்டது. அந்தக் கடமை எல்லாத் தோட்டத்திலும் ஒழுங்காக நிறைவேறியதா என்பது வேறு கேள்வி. ஆனால், தலைமுறை தலைமுறையாகக் கூரையும் கால்வாயும் 'அவர்கள் வேலை' என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறின. நம் மக்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம், லூனாஸ் பகுதிகளில் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். சேமநிதிப் பணத்தை எடுத்தும், வங்கியில் முப்பது ஆண்டுக் கடன் பெற்றும் வாங்கிய வீடுகள் அவை. பல குடும்பங்களில் சொந்தப் பெயரில் வீட்டுப்பட்டா பெற்ற முதல் தலைமுறை இதுதான். வீடு கைக்கு வந்தது. வீட்டைப் பேணும் பழக்கம் மட்டும் கூடவே வரவில்லை. தாமானில் சாலையோரக் கால்வாய் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. வேலிக்கு உள்ளே இருப்பவை அனைத்தும் நம் பொறுப்பு. கூரைக் கால்வாயைத் துப்புரவு செய்ய எந்த நிருவாகமும் வரப்போவதில்லை. குடும்பத்தின் ஒரே சொத்து ஒரு பிடிச் சருகினால் நலிவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

"கெடாவில் பெருவெள்ளமே வருகிறது, இந்தச் சொட்டு நீரைப் பற்றி என்ன பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். 2010 நவம்பரில் அலோர் ஸ்டார் வட்டாரமே நீரில் மிதந்தது. 2022 சூலை 4-ஆம் நாள் பாலிங், கூப்பாங்கில் பாய்ந்த வெள்ளம் மூன்று உயிர்களைப் பறித்தது. அவற்றைத் தனியொருவர் தடுக்க இயலாது. அது அரசும் ஆற்று மேலாண்மையும் காட்டுவளப் பாதுகாப்பும் சேர்ந்த பெருஞ்சிக்கல். ஆனால், கூரையிலிருந்து விழும் நீர் முழுக்க முழுக்க நம் கையில் உள்ளது. நம்மால் ஆகாததைக் காட்டி, ஆகக்கூடியதைக் கைவிடுவது முறையன்று.

"கூரைக் கால்வாயைக் கழற்றி எறிந்துவிட்டால் தொல்லை இல்லையே, மலாய்க் கிராமத்து வீடுகளில் அது ஏது?" என்போரும் உளர். இக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால், அந்த வீடுகள் தூண்கள் மீது உயர்ந்து நிற்பவை; தாழ்வாரம் நீண்டு நீரைச் சுவருக்கு அப்பால் சிந்தச் செய்யும்; தூணின் அடியில் கல்லோ சிமெண்டுப் பீடமோ இருக்கும். மெர்போக் அருகே புக்கிட் பத்து பகாட் சண்டிக்கு மாணவர்களை அழைத்துச் செல்வோர், அங்கே மரத்தூண்களைத் தாங்கிய கற்பீடங்களைக் காட்டலாம். மரமும் கூரையும் என்றோ மறைந்துவிட்டன; கல் நிற்கிறது. ஈர மண்ணில் மரத்தை ஊன்றக் கூடாது என்பதைக் கடாரத்துக் கட்டடக் கலைஞர் அறிந்திருந்தனர். நம் தாமான் வீடோ தரையிலேயே அமர்ந்திருப்பது, தாழ்வாரமும் குறுகியது. கால்வாயைக் கழற்றுவதானால், நீர் விழும் இடமெல்லாம் சிமெண்டிட்டு வெளிப்புறம் சரித்துக் கால்வாய் அமைக்க வேண்டும். அதற்கும் பராமரிப்பு தேவையே.

அடைபட்ட கால்வாயில் இன்னோர் இடரும் உண்டு. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாளில் அது கொசுவாகப் பறக்கும். 2019-இல் நம் நாட்டில் பதிவான டிங்கிக் காய்ச்சல் சம்பவங்கள் 130,101. மாண்டவர் 182 பேர். கொசு உற்பத்திக்கு இடங்கொடுப்போர் மீது நடவடிக்கை எடுக்க 1975-ஆம் ஆண்டுச் சட்டம் சுகாதார அதிகாரிகளுக்கு அதிகாரம் தருகிறது. பூச்சாடியைக் கவிழ்த்துவைக்கும் நாம், தலைக்கு மேல் இருக்கும் நீரை மறந்துவிடுகிறோம்.

இனி, நம் பள்ளிகளுக்கு வருகிறேன். கெடாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல பகுதி உதவி பெறும் பள்ளிகள். நிலமும் கட்டடமும் அரசுக்குரியவை அல்லாத இடங்களில் பராமரிப்புச் சுமை மேலாளர் வாரியத்தையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் சார்கிறது. நன்கொடை திரட்டி நுழைவாயில் வளைவு கட்டுகிறோம். சுவரில் ஓவியம் தீட்டுகிறோம். அவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால், ஆண்டுத் திட்டத்தில் 'கூரைக் கால்வாய்த் துப்புரவு' என்று ஒரு வரி இருக்கிறதா? வளைவுக்குக் கொடையாளர் பெயர் பொறிக்கலாம். சருகு அள்ளியவர் பெயரை எங்கும் பொறிக்க முடியாது. அதனால்தான் அது விடுபட்டுப் போகிறது போலும்.

வீட்டுக்கும் பள்ளிக்கும் பொதுவாக நான் முன்வைப்பவை இவை:

1. ஆண்டுக்கு இரு நாள் போதும். பங்குனி முதல் வாரம் ஒன்று. இலையுதிர்வு ஓய்ந்து, ஏப்ரல் மழைக்கு முந்திய காலம் அது. ஆவணி முதல் வாரம் மற்றொன்று. செப்டம்பர் மழைக்கு முன்னையது. நம் மாநிலத்தில் சனிக்கிழமை பள்ளி விடுமுறை என்பதால் கூட்டுப்பணிக்கு அந்நாள் ஏற்றது.

2. சருகைக் கையுறை அணிந்து அள்ளி எடுக்க வேண்டும். குழாய்நீரால் தள்ளிவிட்டால் அது இறங்குகுழாயில் போய் அடைத்துக்கொள்ளும். அள்ளிய பிறகு ஒரு வாளி நீர் ஊற்றுங்கள். நீர் தேங்கினால் சரிவு சரியில்லை; சொட்டினால் இணைப்போ துருப்பிடித்த ஓட்டையோ காரணம்.

3. இறங்குகுழாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள். அதன் வாய் மண்மேல் இல்லாமல் கால்வாய்க்குள் இருக்க வேண்டும்.

4. சுவரில் வெடிப்பு இருந்தால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டு நாள் குறித்து வையுங்கள். ஆறு மாதத்தில் கோட்டைத் தாண்டி நீண்டால், அல்லது செங்கல் வரிசையில் படிக்கட்டுப் போல ஏறினால், பூச்சு வேலையோடு நிறுத்தாமல் கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

5. மாணவர்களை ஏணியில் ஏற்றவே கூடாது. பெரியவர் ஏறினாலும் கீழே ஒருவர் ஏணியைப் பிடித்திருக்க வேண்டும். பழைய கல்நார்க் கூரைத் தகடுகள் மிதித்தால் உடையும்; அவற்றின் தூசு நுரையீரலுக்குக் கேடு. அத்தகைய கூரையை அதில் பயிற்சி பெற்றவரிடமே விட்டுவிடுங்கள்.

மாணவர்க்கு வேறு பணி தரலாம். மழைமானி ஒன்றைச் செய்து, மழையளவைக் குறித்து, பள்ளிக்கூரையில் விழுந்த லிட்டரைக் கணக்கிடட்டும். கணிதமும் அறிவியலும் அதில் அடங்கும். அந்தக் கணக்கை வீட்டுக்கு எடுத்துச் சென்று, "அப்பா, நம் கூரைத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று அவர்கள் கேட்கட்டும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் நாள்காட்டியில் வட்டமிடும் கை, அவற்றுக்கு முன்பாக இன்னும் இரண்டு வட்டங்கள் இடட்டும். பாடுபட்டு வாங்கிய வீடு பிள்ளைகள் கைக்கு உறுதியாகச் சேரட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.