விடையும் ஏதுவும்

பேசத் தொடங்கிய குழந்தை முதலில் ‘இஃது என்ன?’ என்று கேட்கிறது. சில காலம் சென்றபின் ‘ஏன்?’ என்று கேட்கிறது. முதல் வினாவிற்கு ஒரு பெயரைச் சொன்னால் போதும். இரண்டாம் வினாவிற்கோ காரணம் சொல்லவேண்டும். காரணத்தை நம் முன்னோர் ‘ஏது’ என்றனர். விடையை அறிந்தவன் கல்வியின் வாயிலில் நிற்பவன்; ஏதுவையும் அறிந்தவனே உள்ளே புகுந்தவன். மாணவர்களே! உங்களுள் பலர் நாளை நுழைவுத் தேர்வுகளை எழுதவிருக்கிறீர்கள். ஆகலின் இவ்வேறுபாட்டை நீங்கள் இன்றே நன்குணர வேண்டும் என்பது என் கருத்து.

நன்னூலாசிரியர் வினாவை ஆறு வகைப்படுத்தினார். அவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன. தான் அறிந்த ஒன்றைப் பிறன் அறிவானோ என்று ஆராய்தற்கு ஒருவன் வினவுவது அறிவினா. தேர்வில் வரும் வினாக்கள் யாவும் இவ்வகையினவே. ஆயின், ஒரு வினாவின்கீழ் நான்கு விடைகளை நிறுத்தி, ‘இவற்றுள் சரியானது எது?’ என்று கேட்டவுடன், மாணவன் உள்ளத்தில் ‘இதுவோ? அதுவோ?’ என்று ஐயவினா எழுகின்றது. கேட்பவரது அறிவினா எழுதுபவனிடத்தில் ஐயவினாவாக மாறிவிடுகிறது. அந்த ஐயத்தினின்று தெளிவிற்குச் செல்லும் வழி ஒன்றே. அஃது ஏதுவைத் தேடும் வழி.

தமிழ்நாட்டில் தொழிற்கல்விச் சேர்க்கைக்கு மாநில அரசு நடத்திவந்த பொது நுழைவுத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. எனினும், வேறு பல கல்வி நிலையங்களின் வாயில்களில் நுழைவுத் தேர்வு நின்றுகொண்டுதான் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு 2022ஆம் ஆண்டு தொடங்கிற்று. கடலூருக்கு வடக்கே உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்திலோ, தெற்கே திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திலோ பட்டவகுப்பிற் சேர விரும்பும் நம் மாவட்டத்து மாணவர் அத்தேர்வை எழுதுகின்றனர். அதில் மொழித் தாள் உண்டு, தமிழையும் தெரிந்துகொள்ளலாம். பொதுத் தாளில் தருக்கமுறை வினாக்களும் உண்டு. மொழியும் தருக்கமும் வெவ்வேறு துறைகள் என்று மாணவர் எண்ணுகின்றனர். ஒன்றற்கு ஒரு நூலும் மற்றொன்றற்கு வேறு நூலும் வாங்கி, இரண்டிலும் விடைகளை மட்டும் உருப்போடுகின்றனர். இஃது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை யான் ஒரு மாணவனிடம் கற்றேன்.

யான் ஆசிரியப் பணி தொடங்கிய நாட்களில், கடலூர் முதுநகரை அடுத்த மீனவர் குடியிருப்பிலிருந்து ஒரு மாணவன் என்னிடம் வருவான். அவன் ஒரு நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தமானான். யானோ விரைவில் பயன் காண வேண்டும் என்னும் ஆசையால், ‘இவை வினைத்தொகை, இவை பண்புத்தொகை, இவை வேற்றுமைத்தொகை’ என்று நீண்ட பட்டியல்களை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். அவனும் செய்தான். தேர்வில், ‘சுடுசோறு, ஊறுகாய், பாய்புலி, பாய்மரம் ஆகியவற்றுள் வேறுபட்டது எது?’ என்று ஒரு வினா வந்ததாம். என் பட்டியலில் பாய்புலி என்பது வினைத்தொகை வரிசையில் இருந்தது. பாய்மரம் எந்த வரிசையிலும் இல்லை. இரண்டும் ‘பாய்’ என்றே தொடங்குவதால் இரண்டும் வினைத்தொகையே என்று கருதி, அவன் ஊறுகாயை வேறுபட்டதாகக் குறித்துவிட்டான்.

தேர்வு முடிந்து வந்தபின் யான் அவனை நோக்கி, “தம்பி, வினைத்தொகையாயின் மூன்று காலமும் விரியவேண்டும் அன்றோ? பாய்ந்த புலி, பாய்கின்ற புலி, பாயும் புலி எனலாம். பாய்ந்த மரம் என்று எங்கேனும் உண்டோ?” என்றேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பின்னர், “ஐயா, எங்கள் படகில் பாயைக் கட்டுவதும் நான்தான், அவிழ்ப்பதும் நான்தான். அது பாயைக் கட்டும் மரம் என்பது எனக்குத் தெரியாதா? தேர்வு எழுதும்போது மரம் நினைவுக்கு வரவில்லை; நீங்கள் கொடுத்த பட்டியல்தான் நினைவுக்கு வந்தது” என்றான்.

அச்சொல் என் நெஞ்சைச் சுட்டது. பாய்மரம் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. அதை யான் ஏட்டில் அறிந்தவன். அவனோ கையால் அறிந்தவன். அவனது அறிவுக்கும் வினாவுக்கும் இடையே என் பட்டியல் திரையாக நின்றது. அவனுக்கு அவ்வாண்டு இடம் கிடைக்கவில்லை. அந்த ஒரு வினாவால்தான் கிடைக்கவில்லை என்று யான் சொல்லமாட்டேன். அவ்வாறு சொல்வதற்கு என்னிடம் போதிய ஏது இல்லை. ஆயினும், அன்றுமுதல் காரணம் கூறாமல் எந்த விடையையும் மாணவர்க்குக் கொடுப்பதில்லை என்று உறுதி கொண்டேன்.

இனித் தருக்க வினா ஒன்றைப் பார்ப்போம். ‘மழை பெய்தால் கெடிலம் பெருகும். இன்று கெடிலம் பெருகியுள்ளது. ஆகவே இன்று கடலூரில் மழை பெய்தது.’ இம்முடிவு பொருந்துமா? பொருந்தும் என்று பலர் உடனே சொல்லிவிடுவர். கெடிலக் கரையில் வாழ்வோர் அவ்வாறு சொல்லார். கடலூரில் வெயில் காயும்போதே, மேற்கே கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் பெய்த மழையால் ஆறு பெருகி வருதல் உண்டு. ஆற்றின் பெருக்கைக் கொண்டு எங்கோ மழை பெய்தது எனத் துணியலாம். இங்கே பெய்தது எனத் துணிதல் கூடாது.

இந்த நுட்பம் நமக்குப் புதிதன்று. மணிமேகலையில், சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், வெள்ளத்தைக் கண்டு ஆற்றின் தலைப்பகுதியில் மழை பெய்தமையைத் துணிதல் ‘எச்சம்’ என்னும் அனுமானமாகக் கூறப்பட்டுள்ளது. ‘தலைப்பகுதியில்’ என்னும் வரையறையைச் சாத்தனார் மறவாமல் வைத்தமையை நோக்குக. அந்நூலை 1898ஆம் ஆண்டு பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், 1924 முதல் 1927 வரை சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக விளங்கினார். அக்கல்லூரி பின்னர் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தருக்கம் அயலூரிலிருந்து வந்த புதுச்சரக்கு என்று எண்ணும் நம் மாவட்டத்து இளைஞர், அது தம் வீட்டுப் பரணிலேயே இருப்பதை அறிவாராக.

மற்றோர் எடுத்துக்காட்டு. மலையிற் புகையைக் கண்டு, ‘அங்கு நெருப்பு உண்டு’ என்கிறோம். ‘மலை நெருப்புடையது’ என்பது மேற்கோள்; ‘புகையுடைமையால்’ என்பது ஏது; ‘அடுக்களை போல’ என்பது எடுத்துக்காட்டு. இதனைத் திருப்பி, ‘நெருப்பு உள்ள இடத்தில் எல்லாம் புகை உண்டு’ என்றால் பொருந்துமோ? கொல்லன் உலையிற் பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஆகவே திருப்பிக் கூறியது பிழை. நுழைவுத் தேர்வின் தருக்க வினாக்களில் பெரும்பாலன இவ்வாறு திருப்பிக் கூறும் பிழையை நாம் காண்கின்றோமா என்று ஆராய்வனவே. வடமொழித் தருக்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழில் தந்தது இவ்வகைத் தெளிவு தமிழ் மாணவர்க்கும் வேண்டும் என்பதற்காகவே அன்றோ?

இங்கே ஒரு தடை எழலாம். “ஐயா, 2025ஆம் ஆண்டுத் தேர்வில் ஒரு தாளுக்கு 50 வினாக்கள், 60 நிமிடங்கள். ஒரு வினாவிற்கு 72 நொடியே கிடைக்கும். ஏதுவை ஆராய நேரம் ஏது?” என்று மாணவர் கேட்பர். நேர்மையான கேள்வி. இதற்குக் கணக்கைக் கொண்டே விடை சொல்வேன். அத்தேர்வில் சரியான விடைக்கு 5 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறையும். நான்கு வினாக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறாகும். கிடைப்பவை 2 மதிப்பெண்கள். ஒவ்வொரு வினாவிலும் பொருந்தாத இரண்டு விடைகளை ஏதுக் காட்டி விலக்கிவிட்டு, எஞ்சிய இரண்டில் ஒன்றைக் குறித்தால், சராசரியாக இரண்டு சரியாகும். கிடைப்பவை 8 மதிப்பெண்கள். நான்கையும் தெளிந்து எழுதினால் 20. பாதி ஏதுவிற்கே நான்கு மடங்கு பயன் உண்டு என்பதை உணர்க. மேலும், விரைவு என்பது பயிற்சியின் பின்னே வருவது. மெல்ல நடந்து பழகிய வழியிலேயே இருளிலும் விரைந்து செல்ல முடியும்.

ஏதுவால் மற்றொரு பயனும் உண்டு. தேர்வு முடிந்தபின் தற்காலிக விடைக்குறிப்பு வெளியிடப்படுகிறது. அதில் பிழை இருப்பதாகக் கருதுவோர் சான்று காட்டி மறுக்கலாம். விடையை மட்டும் உருப்போட்டவன் அச்சிட்ட விடைக்கு முன்னே வாயடைத்து நிற்பான். ஏதுவை அறிந்தவனோ தலைநிமிர்ந்து, ‘இது பொருந்தாது, இதனால் பொருந்தாது’ என்று சொல்ல வல்லவன் ஆவான்.

அவ்வாறாயின் மனப்பாடம் வேண்டாமோ எனின், வேண்டும். நூற்பாவை அறியாதவன் எதைக்கொண்டு ஆராய்வான்? 1864ஆம் ஆண்டு சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், இலக்கணத்தை வினாவும் விடையுமாகவே எழுதி இளையோர்க்கு அளித்தார். நன்னூலோ பாடத்தைப் போற்றுதலோடு நின்றுவிடாமல், கேட்டவற்றை மீண்டும் நினைத்தல், ஆசிரியரை அடுத்துத் தெளிதல், உடன் கற்போரொடு பயிலுதல், வினாவுதல், வினாவியவற்றுக்கு விடை கூறுதல் ஆகியவற்றையும் கற்கும் முறையாக வகுத்துள்ளது. மனப்பாடம் விதைநெல், ஆராய்ச்சி உழவு. விதைநெல்லைக் குதிரிலேயே வைத்திருப்பவன் அறுவடை காண்பதில்லை.

ஆகவே, மாணவர்களே, நாள்தோறும் பத்து வினாக்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றற்கும் சரியான விடைக்கு ஓர் ஏதுவும், விலக்கிய மூன்று விடைகளுக்கு மூன்று ஏதுக்களும் எழுதுங்கள். ‘மரம் + வேர்’ மரவேர் ஆயிற்று. ‘மரம் + பெட்டி’ மரப்பெட்டி ஆயிற்று. இரண்டிலும் மகரம் கெட்டிருக்க, ஒன்றில் மட்டும் ஒற்று மிக்கது ஏன் என்று உங்கள் தோழனைக் கேளுங்கள். வருமொழி முதலில் நின்ற எழுத்து வல்லினம் என்பதை அவன் கண்டு சொல்லும்போது, அவன் கற்றது இலக்கணமா, தருக்கமா? இரண்டும் ஒன்றே என்பது அப்பொழுது விளங்கும்.

ஒரு மணிநேரத் தேர்வு ஒருவனது அறிவு முழுவதையும் அளந்துவிடாது. அதில் தேறாதவர் தாழ்ந்தவரும் அல்லர். ஆனால், ஏதுவைத் தேடும் பழக்கம் தேர்வு மண்டபத்தோடு முடிவதன்று. ஒருவர் விற்கும் பொருளை வாங்கும்போதும், மேடையிற் கேட்கும் சொல்லை நம்பும்போதும், அயலார்மேல் வரும் பழியை ஏற்கும்போதும் அது நமக்குத் துணை நிற்கும். அந்த மீனவ மாணவன் இன்று தன் மகளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கிறான். அண்மையில் அவனைக் கண்டபோது, “ஐயா, பிள்ளை விடை சொன்னால் நான் சும்மா விடுவதில்லை, ‘ஏன்?’ என்று கேட்கிறேன்” என்றான். யான் கற்றுக்கொடுக்கத் தவறியதை அவன் தானே கற்றுக்கொண்டான். நீங்களும் உங்கள் விடைகளை அவ்வாறே கேளுங்கள்.