வலையமைப்பின் விதிகளை எழுதுவது யார்?

தொலைத்தொடர்பு ஊழியர்களுக்காக ஹைதராபாத்தில் நடைபெற்ற ஒரு பயிலரங்கில், தமிழகத் தோழர்களுக்காக உரைகளை மொழிபெயர்க்கும் பொறுப்பு அண்மையில் எனக்கு வாய்த்தது. ஐந்தாம் தலைமுறை வலையமைப்பைப் பற்றி ஆங்கிலத்தில் உரையாற்றிய தோழர், உள்ளூர்த் தோழர்களுக்காக இடையிடையே ‘பிரமாணம்’ என்ற தெலுங்குச் சொல்லைக் கையாண்டார். தமிழில் அச்சொல்லைப் பயன்படுத்தினால் பதவியேற்பு உறுதிமொழிதான் நினைவுக்கு வரும். ஆகவே ‘தரநிலை’ என்று பெயர்த்தேன். இடைவேளையில், ஓய்வு பெற்ற சென்னைத் தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “தரம் உயர்வது நல்லதுதானே தோழர்? இதில் நாம் போராட என்ன இருக்கிறது?”

குறை அவருடையதன்று, நான் தேர்ந்த சொல்லினுடையது. தரநிலை என்பது ஒரு பொருளின் தரத்தைச் சொல்வதில்லை. ஓர் ஆலையில் செய்த திருகாணி வேறோர் ஆலையில் செய்த மரையில் பொருந்த வேண்டும் என்பதற்கான உடன்பாடே தரநிலை. உடன்பாடு என்றால், அதில் கையெழுத்திடுவோர் யார், வெளியே நிறுத்தப்படுவோர் யார் என்ற கேள்வி உடன் எழுகிறது. இது பொறியியல் கேள்வி மட்டுமன்று. அரசியல் கேள்வியும் ஆகும்.

பெட்டியிலிருந்து சேவைக்கு

பழைய தொலைபேசி இணைப்பகம் ஒரே நிறுவனம் செய்து கொடுத்த முழுமையான பெட்டி. ஒரு பகுதி பழுதானாலும் அதே நிறுவனத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும். அந்தச் சார்பை உடைக்கவே 1984ஆம் ஆண்டில் பொதுப்பணத்தில் சி-டாட் ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. வெயிலையும் தூசியையும் குளிரூட்டும் வசதியின்றியே தாங்கக்கூடிய, 128 முனைகள் கொண்ட அதன் கிராமப்புற இணைப்பகம் 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது.

இன்று அப்பெட்டி கலைக்கப்பட்டுவிட்டது. செல்பேசி வலையமைப்புக்கான விதிகளை வகுக்கும் ‘த்ரீஜிபிபி’ என்ற கூட்டமைப்பு, 2018இல் ஐந்தாம் தலைமுறையின் மைய வலையமைப்பைத் தனித்தனிச் சேவைகளின் தொகுப்பாக வரையறுத்தது. பயனாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது ஒரு சேவை. இணைப்பைத் தொடங்கி முடிப்பது மற்றொரு சேவை. கட்டணம் கணக்கிடுவது வேறொரு சேவை. ஒவ்வொன்றும் ஒரு மென்பொருள். தேவைப்படும் பிற மென்பொருள்கள், வரையறுக்கப்பட்ட இடைமுகத்தின் வழியே அதனை அழைத்துப் பயன்படுத்திக்கொள்ளும். ஒருமுறை எழுதியது பலமுறை பயன்படுகிறது. தெலங்கானாவில் மிஷன் பகீரதா குடிநீர்க் குழாய்களுக்காகத் தோண்டிய பள்ளங்களை அரசின் ஒளியிழை வடத்தைப் பதிக்கவும் பயன்படுத்தினார்கள் அல்லவா? அதே சிக்கனம்தான் இங்கு மென்பொருளில் நிகழ்கிறது.

இடைமுகம் திறந்ததாக இருந்தால், ஒரு நிறுவனத்தின் பகுதியை எடுத்துவிட்டு இன்னொன்றின் பகுதியை வைக்கலாம். ஏகபோகத்தின் பிடி தளரும். ஆகவே இம்மாற்றத்தைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. உற்பத்தி சமூகமயமாவதன் உயர்ந்த வடிவங்களுள் ஒன்று இது.

கூட்டுழைப்பும் தனிவாடகையும்

ஆனால் மறுபக்கமும் உண்டு. உலகெங்குமுள்ள பொறியாளர்கள் ஆயிரக்கணக்கானோர் கூடி உருவாக்கும் தரநிலைக்குள், தனித்தனி நிறுவனங்களின் காப்புரிமைகள் பொதிந்து கிடக்கின்றன. அவற்றைத் தொடாமல் ஒரு கைபேசியைச் செய்ய இயலாது. ஐந்தாம் தலைமுறைக் கைபேசி ஒன்றுக்கு 5 டாலர் வரை பெறப்போவதாக எரிக்சன் 2017இல் அறிவித்தது. நோக்கியா 2018இல் 3 யூரோ என்றது. இந்தியாவின் மைக்ரோமேக்ஸ் மீது எரிக்சன் 2013இலேயே தில்லி உயர்நீதிமன்றத்தில் காப்புரிமை வழக்குத் தொடுத்தது. ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் ஆராய்ந்த நிலவாடகையின் புதிய வடிவமே இது. அன்று நிலத்துக்கு வேலி. இன்று விதிக்கு வேலி.

1865இல் தோன்றிய சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் இன்று ஐக்கிய நாடுகள் சபையின் அமைப்பு. அதில் முடிவெடுக்கும் உரிமை அரசுகளுக்கு உண்டு. 2024 அக்டோபரில் அதன் தரநிலைப் பேரவை புதுதில்லியில் கூடியது. ஆயினும் செல்பேசித் தரநிலைகளின் நுணுக்கமான வரிகள் பெரும்பாலும் எழுதப்படுவது த்ரீஜிபிபியில். அங்கே கூட்டத்துக்குக் கூட்டம் ஆட்களை அனுப்பவும் ஆவணங்களைக் குவிக்கவும் வசதி படைத்த பெருநிறுவனங்களின் குரலே ஓங்கி ஒலிக்கிறது.

கந்தி காட்டிய வழி

இந்நிலையிலும் பொதுத்துறை அறிவியலால் இடம் பிடிக்க முடியும் என்பதற்கு ஹைதராபாத்தை அடுத்த கந்தியில் உள்ள ஐஐடி சான்று. செல்பேசியிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் சமிக்ஞை வலுவற்றது. ஆகவே தொலைவிலுள்ள கிராமத்தில் கோபுரத்தின் குரல் நமக்குக் கேட்டாலும், நம் குரல் கோபுரத்துக்கு எட்டாது. கருவியின் ஆற்றலைச் சிக்கனமாகவும் முழுமையாகவும் பயன்படுத்தி இத்தொலைவை நீட்டும் அலைமுறை ஒன்றை ஐஐடி ஹைதராபாத், ஐஐடி சென்னை முதலிய நிறுவனங்களின் ஆய்வாளர்கள் முன்வைத்தனர். த்ரீஜிபிபி அதனை ஏற்றுக்கொண்டது. கோபுரங்களுக்கிடையே 6 கிலோமீட்டர் இடைவெளி கொண்ட கிராமப்புறச் சூழலிலும் புதிய தொழில்நுட்பம் சோதிக்கப்பட வேண்டும் என்ற இந்தியாவின் கோரிக்கையைச் சர்வதேச ஒன்றியமும் ஏற்றது. இவற்றின் அடிப்படையில் அமைந்த இந்தியத் தரநிலை 2021 பிப்ரவரியில் உலகத் தரநிலைகளுள் ஒன்றாக அங்கீகரிக்கப்பட்டு, பின்னர் த்ரீஜிபிபியின் பொதுத் தரநிலையோடு இணைக்கப்பட்டது.

பணக்கார நாடுகளின் நகரங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதிப்புத்தகத்தில் இந்திய கிராமத்துக்கு ஓர் அத்தியாயம் கிடைத்தது என்பது சிறிய செய்தியன்று. எனினும் புத்தகத்தில் இடம்பெறுவது வேறு, கோபுரத்தில் இடம்பெறுவது வேறு. இலாபம் குறைந்த கிராமத்துக்கென அமைந்த வசதியைத் தனியார் நிறுவனம் தானாக முன்வந்து நிறுவாது. அதனை நடைமுறைப்படுத்த வலுவான பொதுத்துறை வேண்டும்.

கட்டிப்போடப்பட்ட பொதுத்துறை

அப்பொதுத்துறை என்ன செய்யப்பட்டது என்பதைத் தோழர்கள் அறிவார்கள். கிண்டியில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனத்தின் 74 விழுக்காடு பங்குகள் 2001இல் தனியாருக்கு விற்கப்பட்டன. விருப்ப ஓய்வு என்ற பெயரில் 2020 ஜனவரி இறுதியில் பிஎஸ்என்எல்லை விட்டு வெளியேறியவர்கள் 78 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். ஜியோ 2016இல் நான்காம் தலைமுறைச் சேவையைத் தொடங்கியது. பிஎஸ்என்எல்லின் நாடு தழுவிய நான்காம் தலைமுறை வலையமைப்பு 2025 செப்டம்பர் 27 அன்றுதான் ஒடிசாவின் ஜார்சுகுடாவில் தொடங்கிவைக்கப்பட்டது. நோக்கியா, எரிக்சன், சாம்சங் கருவிகளை வாங்கத் தனியாருக்குத் தடையில்லை. உள்நாட்டுக் கருவியே வேண்டும் என்ற நிபந்தனை பொதுத்துறைக்கு மட்டும் விதிக்கப்பட்டது. தற்சார்பின் சுமையைச் சுமந்தது பொதுத்துறை. அந்தக் காலதாமதத்தில் சந்தையைப் பிடித்தது தனியார்.

இருந்தும், சி-டாட்டின் மைய மென்பொருள், தேஜஸின் வானலைக் கருவிகள், டிசிஎஸ்ஸின் ஒருங்கிணைப்பு ஆகியவற்றால் அவ்வலையமைப்பு எழுந்து நிற்பது ஒரு சாதனையே. அதனை நாம் சிறுமைப்படுத்தக் கூடாது. அதன் இடைமுகங்கள் திறந்தவையா, ஒருங்கிணைக்கும் தனியார் நிறுவனம் விலகினால் பிஎஸ்என்எல்லின் சொந்தப் பொறியாளர்களால் அதனை இயக்க முடியுமா என்பனவே நாம் கேட்க வேண்டிய கேள்விகள். வெளிநாட்டுப் பெட்டிக்குப் பதிலாக உள்நாட்டுப் பெட்டி என்றால், பூட்டு அப்படியே இருக்கிறது, சாவி மட்டும் கைமாறியிருக்கிறது என்றே பொருள்.

அடுத்த வேலி

சேவைகளாகப் பிரிக்கப்பட்ட வலையமைப்பைத் துண்டு துண்டாக விற்கவும் முடியும். எரிக்சனும் ஏர்டெல், ஜியோ உள்ளிட்ட இயக்குநர்களும் சேர்ந்து, வலையமைப்பின் இடைமுகங்களை உலக அளவில் விற்பதற்கென ஒரு கூட்டு நிறுவனத்தை 2024 செப்டம்பரில் அறிவித்தனர். அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தனது ஐந்தாம் தலைமுறை மையத்தை இயக்கும் மேகக்கணினித் தளத்தை 2021இல் மைக்ரோசாஃப்ட்டிடம் ஒப்படைத்தது. ஒரே வலையமைப்பை அடுக்குகளாகப் பிரித்து, பணம் கொடுப்பவருக்கு விரைவான அடுக்கு, மற்றவருக்கு மிச்சம் என்று வழங்கும் நுட்பமும் தயாராக உள்ளது. 2016இல் மக்கள் எதிர்ப்பினால் ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ தடுக்கப்பட்டது. அவ்வாறு நாம் காத்த இணையச் சமத்துவத்தைப் பின்வாசல் வழியே அகற்ற இந்நுட்பம் வழிவகுக்கும்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவாக அமைய வேண்டும். முதலாவதாக, பொதுப்பணத்தில் நடந்த ஆய்வின் காப்புரிமை பொதுவுடைமையாக இருக்க வேண்டும். பொதுத்துறைக்கு அது கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். இரண்டாவதாக, பிஎஸ்என்எல் வாங்கும் ஒவ்வொரு மென்பொருளும் திறந்த இடைமுகம் கொண்டதாகவும், அதன் முழு ஆவணங்கள் பிஎஸ்என்எல் வசம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். அதனை இயக்க நிரந்தரப் பொறியாளர்கள் நியமிக்கப்பட வேண்டும். மூன்றாவதாக, கிராமங்களுக்கான தொலைதூர வசதியைக் கோபுரங்களில் நடைமுறைப்படுத்துவது தனியார் உரிமங்களின் நிபந்தனையாக வேண்டும். நான்காவதாக, நாட்டின் சார்பில் தரநிலைகளை முன்வைக்குமுன் தொழிற்சங்கங்களின் கருத்தும் கேட்கப்பட வேண்டும். கோபுரத்தில் ஏறுபவருக்கும் வடத்தை இணைப்பவருக்கும் தெரிந்தவை பல, மாநாட்டு மண்டபத்தில் அமர்ந்திருப்போருக்குத் தெரியாதவை.

சென்னைத் தோழரிடம் இவற்றைச் சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்படியானால் இது நம் ஊதிய ஒப்பந்தம் மாதிரிதான். மேசையில் நாம் இல்லையென்றால், நமக்கும் சேர்த்து அவர்களே எழுதிவிடுவார்கள்” என்றார். பிற்பகல் அமர்வில் ‘தரநிலை’ என்று பெயர்க்க வேண்டிய இடங்களில் எல்லாம் ‘பொது உடன்பாட்டு விதி’ என்றே பெயர்த்தேன். சொல் நீளமாகிவிட்டது, பொருள் விளங்கியது.