வீட்டுக்கே வந்த தேகாப்பியாசம்

 

கொரோனா பரவிய 2020ஆம் ஆண்டைப் பற்றிப் பேச இன்றும் பலருக்கு மனம் வராது. ஜனாஸாக்களை எரித்த துயரம் நம் சமூகத்தின் நெஞ்சில் ஆறாத காயம். எனினும், அந்நாட்களில் வீடுகளுக்குள் நடந்த ஒரு சிறிய காரியத்தைப் பற்றி இம்மாதம் பேச வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் பாடசாலைகள் மூடப்பட்டதும், ஜோ விக்ஸ் என்ற பயிற்றுநர் 2020 மார்ச் 23ஆம் திகதி காலை 9 மணிக்குத் தம் வீட்டு ஹோலில் நின்றபடியே யூடியூபில் அரைமணி நேர தேகாப்பியாச வகுப்பொன்றை ஆரம்பித்தார். பிள்ளைகளுக்காகத் தொடங்கியதுதான். மறுநாள் நேரடியாகப் பார்த்தோரின் எண்ணிக்கை 955,185 எனக் கின்னஸ் சாதனையாகப் பதிவானது. பிள்ளைகளோடு தாய்மாரும் தந்தைமாரும் சேர்ந்து கொண்டார்கள். ஒருமுறை அவரது கையில் சத்திரசிகிச்சை நடந்தபோது மனைவி முன்னின்று நடத்தினார். விளம்பரத்தால் கிடைத்த பணம் அந்நாட்டுச் சுகாதார சேவைக்குப் போனது.

திரைக்கு முன்னால் துள்ளுவதைப் பார்த்துச் சிரித்த மனிதர்களே அன்று துள்ளினார்கள். உடம்புக்கு நல்லது என்பது ஒரு காரணம். காலையும் மாலையும் ஒன்றாகிப் போன நாட்களில், ஒன்பது மணிக்கு எழுந்து நிற்க ஒரு காரியம் இருந்தது இன்னொரு காரணம். நேரம் குறித்துத் தொழும் நமக்கு இதன் அருமை விளங்கும்.

இங்கும் மார்ச் 20ஆம் திகதி மாலை ஊரடங்குச் சட்டம் வந்தது. கொழும்பிலும் கம்பஹாவிலும் மே 26 வரை நீடித்தது. யூடியூபும் ஸூமும் நமது வீடுகளுக்குள்ளும் இத்தகைய வகுப்புகளைக் கொண்டு வந்தன. அதற்கு முன் நம் பெண்களிடம் தேகாப்பியாசம் பற்றிக் கேட்டால், “ஆண்களும் வரும் இடத்துக்கு எப்படிப் போவது?” என்பார்கள். நியாயமான பதில். ஆனால் வகுப்பு குசினி வாசலுக்கே வந்த பிறகும் எத்தனை பேரால் அரைமணி நேரம் ஒதுக்க முடிந்தது? ஆண்களும் பிள்ளைகளும் நாள் முழுக்க வீட்டில். மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் தேநீர். ஏப்ரல் கடைசியில் ரமழானும் வந்தது. பள்ளிவாசல்கள் மூடியிருந்ததால் கஞ்சியும் வீட்டில்தான். ஆக, பர்தா ஒரு தடை; நேரம் கிடைக்காதது அதைவிடப் பெரிய தடை. இது எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதான். கொரோனாவுக்கு முன்பே, 2016ஆம் ஆண்டுக்கான உலகக் கணக்கின்படி, போதிய உடலுழைப்பு இல்லாத ஆண்கள் 23 வீதம், பெண்கள் 32 வீதம்.

“வீட்டு வேலையே தேகாப்பியாசம்தானே மௌலவி?” என்று கேட்பார்கள். ஓரளவு உண்மை. முற்றம் கூட்டுவதையும் தண்ணீர் சுமப்பதையும் உலக சுகாதார ஸ்தாபனமும் உடலுழைப்பாகவே கொள்கிறது. ஆனால் அடுப்படியில் நின்று கால் கடுப்பதும், துருவலையில் குந்தியிருந்து முதுகு பிடிப்பதும் மூச்சு வாங்கும் உழைப்பல்ல. வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் வேண்டும் என்று அந்த ஸ்தாபனம் 2020 நவம்பரில் சொன்னது. ஒரு நாளைக்குக் கணக்குப் பார்த்தால் 22 நிமிடம் கூட இல்லை.

மார்க்கத்தில் கூடுமா என்ற கேள்விக்கு வருவோம். அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் பிரயாணமொன்றில் நபி (ஸல்) அவர்களோடு ஓடி முந்தியதும், பிற்காலத்தில் உடல் சதை பிடித்தபோது நபியவர்கள் முந்தியதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. கூட வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டே ஓடினார்கள் என்பது முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. மனைவியை வேகமாக நடக்கக் கூட விடாதவர்கள் இதன் முதல் பகுதியைப் பார்க்கட்டும். கமராவைத் திறந்து வைத்துப் பயிற்சி செய்பவர்கள் கடைசிப் பகுதியைப் பார்க்கட்டும்.

ஆகவே பெண் நடத்தும் வகுப்பையே தேடுங்கள். ஸூமில் என்றால் கமராவை மூடி வையுங்கள். பெண்கள் மட்டும் என்று சொன்னாலும், மறுபக்கத்து வீட்டில் யார் கடந்து போகிறார் என்பது நமக்குத் தெரியாது. யாரும் பதிவு செய்து கொள்ளவும் முடியும். இசை ஓடினால் சத்தத்தைக் குறைத்து அசைவை மட்டும் பாருங்கள். டேட்டாவுக்குச் செலவாகும் என்றால் நாலு அசைவைப் பழகிய பின் தொலைபேசியே தேவையில்லை.

“இந்த வயதில் உனக்கென்ன துள்ளல்?” என்று மாமிமார் கேட்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருமகளைத் தடுப்பதைவிட, ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு நீங்களும் பக்கத்தில் இருங்கள். கதிரையில் இருந்தபடி கை, கால்களை அசைக்கும் பயிற்சிகளும் உண்டு. சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் வலி உள்ளவர்கள் முதலில் டொக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். நெஞ்சு அடைத்தால், தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. நபியவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவினார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. அஸருக்குப் பின் ஒரு 22 நிமிடம் சின்னப் பிள்ளையைத் தூக்கிக் கொண்டு முற்றத்துக்குப் போங்கள். அன்றைய தேநீரையும் நீங்களே ஊற்றுங்கள்.