பளபளக்கும் பெயின்றும் தேங்கிய நீரும்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் வாகன விளம்பரப் பக்கங்களை வாசிப்பவர்களுக்குச் சில சொற்றொடர்கள் மனப்பாடமாகியிருக்கும். புதிய பெயின்ற், எஞ்சின் திருத்தியது, ரயர் நான்கும் புதியவை, பார்த்தால் விடமாட்டீர்கள். மூன்று தசாப்தங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நான் இவற்றை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். 'கதவுகளினுள் நீர் தேங்குவதில்லை' என்று எவரும் விளம்பரம் செய்து நான் கண்டதில்லை. வாங்குபவரும் அதனைக் கேட்பதில்லை. ஆனால், பழைய காரொன்றின் ஆயுளைத் தீர்மானிக்கும் விடயம் அதுதான் என்பது எனது கருத்து.

இலங்கையில் இது சிறிய விடயமல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. திறந்த பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய கார் என்பது நடுத்தரக் குடும்பங்களுக்குக் கைக்கெட்டாத பொருளாகவே இருக்கிறது. ஆகவே இருபது, முப்பது வருடக் கார்கள் இலட்சக் கணக்கில் கைமாறுகின்றன. குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் ஒரு தகரப் பெட்டிக்குள் போகும்போது, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது வீண் சந்தேகமல்ல.

எஞ்சினைப் பற்றி நாம் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்து மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் ஏ40களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய கதையை நம்மவர்கள் அறிவார்கள். எஞ்சினைக் கழற்றலாம், கடையலாம், மாற்றலாம். உடல் அப்படியல்ல. 1948இல் அலெக் இசிகோனிசின் வடிவமைப்பில் வெளிவந்த மொறிஸ் மைனருக்குத் தனியான சட்டகம் கிடையாது. தளத்தகடும், கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடும் 'சில்' என்ற நீண்ட வெற்றுப் பெட்டிகளும் (நம்மூர்ச் சில்லு அல்ல) சேர்ந்தே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. ஏ40 சொமசெற் போன்றவற்றில் தனிச் சட்டகம் இருந்தது. ஆனால் அதன் பின்னர் வந்த கார்களிற் பெரும்பாலானவை மைனரின் வழியையே பின்பற்றுகின்றன. ஆகவே சில் உக்கினால் அழகு மாத்திரம் கெடவில்லை, வண்டியின் முள்ளந்தண்டே போய்விடுகிறது.

உக்குவது எவ்வாறு? மழைநீர் காருக்குள் வரவே கூடாது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. கதவுக் கண்ணாடியின் ஓரமாக நீர் கதவுக்குள் இறங்கும் என்று தெரிந்தே கார் வடிவமைக்கப்படுகிறது. அதற்காகத்தான் கதவின் அடிவிளிம்பில் சிறு வடிதுளைகள் உள்ளன. சில்லுக்கும், முன்கண்ணாடிக்குக் கீழேயுள்ள காற்று வரும் குழிக்கும் அவ்வாறே. வருடக்கணக்கில் இலைச்சருகும் புழுதியும் சேர்ந்து துளை அடைபடுகிறது. நீர் உள்ளே நிற்கிறது. இருட்டு, ஈரம், காற்று மூன்றும் ஒன்றாகக் கிடைத்தால் துருவுக்கு வேறென்ன வேண்டும்? காலி வீதியிலும் குடாநாட்டுக் கரையோரங்களிலும் உப்புக்காற்று வேறு உதவிக்கு வருகிறது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் வாசகர்களுக்கு, குளிர்காலத்தில் வீதியிற் தூவும் உப்பு அதே வேலையைச் செய்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பது. அதனால் தகட்டை உள்ளிருந்து தள்ளுகிறது. பெயின்றில் சிறு கொப்புளம் தெரியும்போது, உள்ளே வேலை பெருமளவு முடிந்திருக்கும்.

நீரைத் தேடுவதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. முதலாவது கருவி காது. மழைக்கு அடுத்த நாள் காலையில் மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடியுங்கள், வளைவில் திரும்புங்கள். குடத்து நீர் அலம்புவது போன்ற ஓசை கேட்டால் ஏதோவொரு பெட்டிக்குள் நீர் நிற்கிறது. இரண்டாவது மூக்கு. ஊறிய சாக்கின் மணமும், காலையில் கண்ணாடிகளின் உட்புறம் படியும் பனியும், விரிப்பின் அடியிலுள்ள பஞ்சு நனைந்திருப்பதைச் சொல்லும். மேல்விரிப்பைத் தொட்டுப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அது காய்ந்திருக்கும்போதும் அடிப்பஞ்சு வாரக்கணக்கில் ஈரமாக இருக்கும்.

ஈரம் கண்ட இடமும் நீர் புகுந்த இடமும் ஒன்றாக இருப்பது அரிது. முன்கண்ணாடியின் மேல்மூலையில் புகுந்த துளி, தூணுக்குள் இறங்கிச் சாரதியின் காலடியில் தோன்றும். பின்விளக்கின் ரப்பரால் கசிந்தது, மேலதிகச் சில்லு வைக்கும் குழியிற் தேங்கும். எனவே விரிப்புகளை அகற்றி, தளத்தை உலர்த்தி, பழைய பத்திரிகைத் தாள்களைப் பரப்புங்கள். ஒருவர் உள்ளே ரோர்ச் லைற்றுடன் அமர, மற்றவர் குழாய்நீரை வெளியே கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பகுதியிலும் சில நிமிடங்கள் விடவேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் விளங்காது. முதற் துளி விழுந்த இடத்தைத் தாள் உடனே காட்டிக் கொடுத்துவிடும். பத்திரிகை உண்மையைக் காட்டுவதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு.

எல்லா நீரும் மழைநீரல்ல என்பதையும் நினைவில் வைத்திருங்கள். மழையே இல்லாத நாட்களில் முன்தளம் நனைந்தால் குளிரூட்டியின் வடிகுழாய் அடைபட்டிருக்கலாம். விரலில் வழுக்கி, இனிப்பான மணம் வீசினால் அது ஹீற்றரிலிருந்து கசியும் ரேடியேற்றர் குளிர்திரவம்.

பின்னர் வடிதுளைகள். மெல்லிய பிளாஸ்ரிக் கட்டுப்பட்டியால் துளைத்துச் சுத்தஞ் செய்யுங்கள். சில்லின் ரப்பர் மூடியைக் கழற்றி, தொலைபேசியுடன் இணைக்கும் சிறு கமராவை உள்ளே விட்டுப் பாருங்கள். ஒரு காந்தத்தைத் துணியிற் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் தகட்டுக்குப் பதிலாகப் பட்டி பூசப்பட்டிருக்கிறது. முற்றாக உலர்ந்த பின்னரே உட்பகுதிக்கு மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெய் விசிற வேண்டும். ஈரத்தின்மேல் விசிறினால் ஈரத்தை உள்ளே பூட்டுவதாகும்.

நமது கராஜ்கள் சிலவற்றின் பழக்கம்தான் எனக்கு வருத்தம் தருகிறது. அடித்தளத்துக்குத் தார் பூசுவது நல்ல பாதுகாப்பு என்று நம்பப்படுகிறது. ஆனால் பூசுபவர் வடிதுளைகளையும் சேர்த்து மூடிவிடுகிறார். காசு கொடுத்து நீரைச் சிறை வைக்கிறோம். அதன்பின் கொப்புளம் வந்தால் சுரண்டி, பட்டி வைத்து, புதிய பெயின்ற் அடித்து விற்றுவிடுகிறார்கள். வாங்கியவரின் சேமிப்பு இரண்டு மாரிகளில் உக்கிப் போகிறது. 2016 மே மாதக் களனி வெள்ளத்திலும் 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்திலும் மூழ்கிய கார்களைப் பொறுத்தவரை இந்த ஐயம் இன்னும் கூடுதலாக வேண்டும். அவற்றின் பெட்டிகளுக்குள் நீரோடு சேறும் போயிருக்கும்.

அரசாங்கமும் இதிற் கவனம் செலுத்த வேண்டும். வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குத் தனியார் கார் உரிமையாளரிடம் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் கேட்கப்படுகின்றன. புகையைப் பார்ப்பவர் தளத்தைப் பார்ப்பதில்லை. பிரித்தானியாவின் வருடாந்த எம்ஓடி பரிசோதனையில், ஆசனப்பட்டி போன்றவை பொருத்தப்பட்ட இடங்களைச் சுற்றியுள்ள துருவும் ஆராயப்படுகிறது. அங்கும் நாற்பது வருடங்களைக் கடந்த கார்களிற் பெரும்பாலானவற்றுக்கு 2018 முதல் விலக்கு உண்டென்பது வேறு விடயம். பழைய கார்களையே நம்பியிருக்கும் நம் நாட்டுக்கு, உரிமை மாற்றத்தின்போதாவது சில்லையும் தளத்தையும் பார்க்கும் எளிய பரிசோதனை ஒன்று அவசியம். ஆசனப்பட்டியின் ஆணி உக்கிய தகட்டில் நின்றால், அந்தப் பட்டி யாரைக் காப்பாற்றும்?

அது வரும்வரை பொறுப்பு வாங்குபவருடையதே. கார் பார்க்கப் போகும்போது, முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். எஞ்சினை இயக்கிக் காட்டுவதற்கு முன்னர், விரிப்பைத் தூக்கிக் காட்டுமாறு கேளுங்கள். மறுப்பவரிடம் கார் வாங்காதீர்கள்.