குதிரையின் மறமும் நம் கடனும்

ஆவடிக்கும் பூவிருந்தவல்லிக்கும் இடைப்பட்ட புறநகரில் வாழும் நம்மில் பலருக்கும் குதிரை என்பது ஐயனார் கோயிற் சுடுமண் உருவம். அல்லது வகுப்பறையில் நாம் நடத்தும் ‘குதிரை மறம்’ என்னும் புறத்துறை. அத்துறை ஏறியவனோடு நில்லாமல் குதிரையின் ஆற்றலையும் பாடுகிறது. இன்றைய குதிரையேற்றப் போட்டிகளைப் பற்றியோ நாம் வீரரை மட்டுமே பேசுகிறோம்.

ஒலிம்பிக்கின் ஈவென்டிங் போட்டியில் ஒரு கட்டம் கிராஸ் கன்ட்ரி. திறந்த வெளியில் மரக்கட்டை, பள்ளம், மேடு, நீர் ஆகியவற்றைப் பாய்ச்சலில் கடக்க வேண்டும். வீரர் முன்னரே தடத்தை நடந்து பார்த்துக்கொள்வார். குதிரைக்கு அந்த வாய்ப்பில்லை. ஒவ்வொரு தடையையும் அது முதன்முறை காண்பது ஓட்டத்தின்போதுதான். முதுகிலிருப்பவரை நம்பியே அது தாவுகிறது.

ஆகவே பயிற்சி என்பது அந்த நம்பிக்கையைச் சிறுகச் சிறுகச் சேர்ப்பதே. தரையில் கிடத்திய கழிகளை நடையில் கடப்பதில் தொடங்கி, தாழ்ந்த கட்டை, ஆழமற்ற நீர் எனப் படிப்படியாகப் பழக்குகிறார்கள். வீரர் கற்க வேண்டியது இன்னும் மிகுதி. தாவும் கணத்தில் சேணத்திலிருந்து உடலைச் சற்றே உயர்த்தவும், குதிரையின் கழுத்து நீள்வதற்கேற்பக் கையைத் தளர்த்தவும், பார்வையை அடுத்த தடையில் வைக்கவும் பழக வேண்டும். அஞ்சிக் கடிவாளத்தைச் சுண்டினால், குதிரை தாவலை வலியோடு சேர்த்தே நினைவில் வைக்கும்.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் ஃபவாத் மிர்சா இத்தடத்தின் தடைகளைப் பிழையின்றிக் கடந்தார். 28 நொடித் தாமதத்துக்கு 11.20 தண்டப்புள்ளி; இறுதியில் 23ஆம் இடம். அதே நாளில், அதே தடத்தில் காயமுற்ற சுவிட்சர்லாந்தின் ‘ஜெட் செட்’ என்னும் 14 வயதுக் குதிரையைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. அதன் வீரரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. தேர்ந்தோரிடத்தும் இது நேரும் என்பதால்தான், பதக்கமில்லையே என்று வருந்துவோர் குதிரை நலமாகத் திரும்பியதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறோம்.

பாண்டிய நாட்டில் வந்திறங்கிய குதிரைகள் பேணத் தெரிந்தோர் இன்மையால் மடிந்ததை 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ கண்டு சொன்னார். பொன் கொடுத்து வாங்கத் தெரிந்திருந்தது, பேணத் தெரியவில்லை. நம் பிள்ளைகள் குதிரையேற்றம் கற்க விரும்பினால் மகிழ்வோம். ஆனால் முதற்பாடம் சேணத்தில் வேண்டாம். தீவனமும் குளம்பும் பார்க்கும் லாயத்தில் தொடங்கட்டும்.