யார் கட்டிய அழகு?

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் உள்ளது கார்ன்வால். செயின்ட் ஜஸ்ட் ஊரிலிருந்து செயின்ட் ஐவ்ஸ் வரை கடலை ஒட்டி ஓடும் சாலையில் மோட்டாரில் போவது பிரமாதம் என்கிறார்கள் உல்லாசப் பயணிகள். பாறை விளிம்பில் நிற்கும் இடிந்த கட்டடங்களையும் புகைபோக்கிகளையும் இயற்கைக் காட்சியோடு சேர்த்துப் படம் பிடிக்கிறார்கள். இயற்கையா கட்டிற்று அவற்றை?

தோழர்களே, அவை வெள்ளீயமும் செம்பும் தோண்டிய சுரங்கங்களின் எஞ்சின் கூடங்கள். அங்குள்ள லெவன்ட் சுரங்கம் கடலுக்கு அடியிலேயே போயிற்று. தொழிலாளர் ஏறி இறங்க 1857-ல் ஒரு யந்திரம் வைத்தார்கள். மேலும் கீழும் அசையும் நெடிய மரத்தண்டு, அதில் படிகள். நாள் முழுதும் பாறை உடைத்துக் களைத்தவன் படிக்குப் படி மாறி மேலே வரவேண்டும். 1919 அக்டோபர் 20 அன்று, நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் வந்துகொண்டிருந்தபோது, உச்சியில் தண்டைப் பிணைத்திருந்த இரும்பு முறிந்தது. 31 பேர் மாண்டனர். 62 வருஷப் பழைய யந்திரம்! அதற்குப் பதில் வேறொன்று வைத்தார்களா? இல்லை. ஆழத்துத் தளங்களைக் கைவிட்டார்கள். 1930-ல் சுரங்கத்தையே மூடினார்கள்.

2006-ல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. நல்லதுதான், இடியாமல் நிற்கட்டும். ஆனால் அந்த 31 பேரைச் சொல்லாமல் கடலின் நீலத்தை மட்டும் வர்ணிப்பது அநியாயம். பக்கத்து கீவர் சுரங்கம் 1990-ல் வேலையை நிறுத்தியது. இன்று அது மியூசியம். டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பழைய சுரங்கவழி ஒன்றைக் காட்டுகிறார்கள்.