ஸ்டென்ட் வைத்த பிறகும் பைபாஸ் ஏன்?

மாரடைப்பு வந்து, திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ ஓடி, ஸ்டென்ட் வைத்து உயிர் தப்பியவரிடம் "இன்னும் ரெண்டு அடைப்பு இருக்கு, பைபாஸ் பண்ணணும்" என்று டாக்டர் சொன்னால், கோவில்பட்டிப் பக்கத்து வீடுகளில் முதலில் எழுவது சந்தேகம்தான். பணம் பறிக்கப் பார்க்கிறார்களா? அப்படியானால் முதலில் வைத்த ஸ்டென்ட் தண்டமா? இரண்டும் இல்லை. மாரடைப்பின்போது பெரும்பாலும் ஒரு ரத்தக்குழாய்தான் திடீரென்று உறைகட்டி அடைத்துக்கொள்கிறது. அதை நம்பியிருக்கும் இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு அந்தக் குழாயைத் திறந்து, ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைப்பதுதான் அப்போது வேகமான வழி. அந்த நேரத்திலேயே பைபாஸ் செய்தால் என்ன என்று கேட்கலாம். நெஞ்செலும்பைப் பிளந்து, காலிலிருந்து ரத்தநாளமும் மார்புக்கூட்டின் உட்புறத்திலிருந்து தமனியும் எடுத்து, அடைப்பைத் தாண்டிப் புது வழியாகத் தைக்கப் பல மணி நேரம் ஆகும். அடிபட்ட இதயம் அதைத் தாங்குவது கடினம்.

மிச்ச அடைப்புகளுக்கும் ஸ்டென்ட்டே வைக்கலாமே? பலருக்கு வைக்கலாம். சும்மா விடுவதுதான் தவறு. 2019இல் வெளியான 'கம்ப்ளீட்' ஆய்வில், மிச்ச அடைப்புகளுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களில் மூன்றாண்டு அளவில் இதயநோயால் இறந்தவர்களும் மறுபடி மாரடைப்பு கண்டவர்களும் 7.8 சதவீதம், அப்படியே விடப்பட்டவர்களில் 10.5. ஆனால் பல குழாய்களில் அடைப்புள்ள சர்க்கரை நோயாளிக்குக் கணக்கு மாறுகிறது. 2012இல் வந்த 'ஃப்ரீடம்' ஆய்வில் ஐந்தாண்டு இறப்பு ஸ்டென்ட்டில் 16.3 சதவீதம், பைபாஸில் 10.9. பக்கவாதம் பைபாஸில் கூடுதல் என்பதை மறைக்கக் கூடாது: 5.2, ஸ்டென்ட்டில் 2.4. மாரடைப்பின் நடுவே இருந்தவர்களை அந்த ஆய்வு சேர்க்கவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் தேறி எழுந்தவரின் மிச்சக் குழாய்களுக்கு அதன் பாடம் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

கரிசல்காட்டில் உயிர் போவது ஸ்டென்ட்டுக்கும் பைபாஸுக்கும் இடையிலான இடைவெளியில்தான். உளுந்து அறுப்பு முடியட்டும், தீப்பெட்டி ஆபீஸில் கூலி போகக் கூடாது என்று நாள் தள்ளிப்போகிறது. வலி இல்லையே என்று மாத்திரையும் நிற்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரல் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் புது ஸ்டென்ட்டே உறைகட்டி அடைக்கலாம். நிறுத்தாமல் ஆபரேஷனுக்குப் போனால் ரத்தம் எளிதில் நிற்காது. சுமார் ஐந்து நாள் முன்னதாக, டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். செலவுக்கு முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. ஆகவே பணத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது. வழிகாட்ட ஆள் இல்லாததே பெரிய குறை. தமிழ்நாட்டில் சிறிய ஆஸ்பத்திரிகளையும் கம்பி விட்டுக் குழாயைத் திறக்கும் கேத்லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸையும் ஒன்றாக இணைத்துப் பார்த்தபோது, மாரடைப்புக்குப் பிந்தைய ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2ஆகக் குறைந்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் முதலுதவி மாத்திரைகளைக் கிராமத்துத் துணை சுகாதார நிலையம் வரை கொண்டுவந்துவிட்டது. அடுத்த சில வாரங்களுக்கும் அதே அக்கறை வேண்டும். எந்தக் குழாய் திறந்தது, எது மிச்சம், பைபாஸ் எந்தத் தேதி, எந்த மாத்திரை எப்போது நிற்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதி, வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் கையில் ஒரு நகல் கொடுக்க வேண்டும்.